சமூகப் பண்ணைகளில் குளிர்காலம்

சமூகப் பண்ணை என்பது ஓர் ஊரைச் சேர்ந்த குடும்பங்கள் பலவும் அவர்களுக்காகப் பயிர் செய்யும் உழவர்களும் சேர்ந்து நடத்தும் பண்ணை ஆகும். உறுப்பினர்கள் பருவம் தொடங்கும் முன்பே தங்கள் பங்குத் தொகையைச் செலுத்துகிறார்கள். விளைச்சல் அதற்கேற்பப் பிரித்துத் தரப்படுகிறது. நல்ல விளைச்சல் என்றால் பெட்டி நிறையும், பொய்த்தால் குறையும். இம்முறை 'சமூக ஆதரவு வேளாண்மை' என்று அழைக்கப்படுகிறது.

கோடையில் தக்காளியும் மக்காச்சோளமும் குவியும்போது இத்தகைய பண்ணையை நடத்துவது பெரிய சவாலாகத் தெரியாது. நிலம் உறைந்து, மாதக்கணக்கில் வயலில் எதுவும் வளராத நாடுகளில் குளிர்காலமே இம்முறையின் உண்மையான சோதனை. அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்து பகுதி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. மெய்ன், வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷைர், மாசசூசெட்ஸ், கனெக்டிகட், ரோட் தீவு ஆகிய ஆறு மாநிலங்களைக் கொண்ட இப்பகுதியின் வடபாகத்தில், சனவரி இரவுகளில் வெப்பநிலை மைனஸ் 10 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது வழக்கம். அமெரிக்காவின் முதல் சமூகப் பண்ணைகள் தோன்றியதும் இங்குதான்.

தோற்றம்

உழவரும் உண்பவரும் நேரடியாக உடன்பட்டுச் செயல்படும் முறைகள் 1970களில் சப்பானில் 'தெய்கெய்' என்ற பெயரில் வளர்ந்தன. ஏறத்தாழ அதே காலத்தில் செருமனியிலும் சுவிட்சர்லாந்திலும் இதே போன்ற முயற்சிகள் நடந்தன. ஐரோப்பிய அனுபவமே அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தது.

1986இல் இரண்டு பண்ணைகள் தனித்தனியே தொடங்கப்பட்டன. மாசசூசெட்சின் தெற்கு எக்ரிமான்ட் ஊரில் ராபின் வான் என் என்ற பெண்மணியின் நிலத்தில் இந்தியன் லைன் பண்ணை உருவானது. சுவிட்சர்லாந்தில் இம்முறையை நேரில் கண்டிருந்த யான் வாண்டர் டுயின் அதற்கு உதவினார். மற்றொன்று, நியூ ஹாம்ப்ஷைரில் டெம்பிள், வில்டன் என்ற இரு ஊர்களின் பெயரைத் தாங்கிய டெம்பிள்-வில்டன் சமூகப் பண்ணை. செருமனியிலிருந்து வந்த டிராகர் குரோ அதன் நிறுவனர்களில் ஒருவர்.

குளிர்காலத்துக்காக உணவைச் சேமித்து வைப்பது இப்பகுதிக்குப் புதிதல்ல. ஐரோப்பியர் குடியேறும் முன்பே, அபெனாக்கி உள்ளிட்ட பூர்வகுடி மக்கள் மக்காச்சோளத்தை நிலத்தடிக் குழிகளில் சேமித்து வந்தனர். பின்னர் வந்த குடியேறிகள் வீட்டுக்கு அடியில் நிலவறை அமைத்தனர். சமூகப் பண்ணைகள் அந்தப் பழக்கத்தை ஒரு குடும்ப அளவிலிருந்து நூறு குடும்பங்களின் அளவுக்கு விரித்தன எனலாம்.

வெளிச்சமே எல்லை

குளிர்காலத்தில் செடி வளராததற்குக் குளிர் மட்டுமே காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். வெளிச்சமும் அதே அளவு முக்கியம். பகல்பொழுது 10 மணி நேரத்துக்குக் கீழே குறையும்போது பெரும்பாலான காய்கறிச் செடிகளின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடுகிறது. மெய்ன் மாநிலத்தில், சுமார் 44 பாகை வடக்கு அகலாங்கில், இந்த நிலை நவம்பர் தொடக்கத்திலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை மூன்று மாதம் நீடிக்கிறது. திசம்பர் 21ஐ ஒட்டி அங்குப் பகல் 9 மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. அதே நாளில் சென்னையில் 11 மணி நேரத்துக்கும் மேல் பகல் இருக்கும். தமிழ்நாட்டில் மார்கழியிலும் செடிகள் வளர்ந்துகொண்டே இருப்பதற்கு இது ஒரு காரணம்.

மெய்னின் ஹார்பர்சைடில் பண்ணை நடத்திவரும் எலியட் கோல்மன் இந்த இருண்ட மாதங்களுக்குக் கிரேக்கப் புராணத்தின் பெர்செபோனியின் பெயரைச் சூட்டினார். பாதாள உலகத்துக்குக் கொண்டு செல்லப்பட்ட பெர்செபோனி அங்கே இருக்கும் மாதங்களில், அவளுடைய தாயும் பயிர்களின் தெய்வமுமான டிமீட்டர் துயரத்தில் எதையும் விளைய விடுவதில்லை என்பது கதை.

இந்த எல்லையைப் புரிந்துகொண்ட உழவர், குளிர்காலத்தில் செடியை வளர்க்க முயல்வதில்லை. இலையுதிர் காலத்திலேயே முக்கால் பங்கு வளர்ச்சி பெறும்படி முன்கூட்டி விதைத்து, வளர்ந்த செடியை உயிரோடு காத்து, வேண்டும்போது பறிக்கிறார். குளிர்கால வயல் ஒருவகையில் உயிருள்ள கிடங்கு.

கோடையில் தொடங்கும் வேலை

சனவரியில் பெட்டிக்குள் செல்லும் காய் ஒவ்வொன்றும் பல மாதங்களுக்கு முன் விதைக்கப்பட்டது. நியூ இங்கிலாந்தில் பொதுவான கால வரிசை இது:

• லீக் எனப்படும் தண்டு வெங்காயம்: குளிர்காலக் கடைசியில் பசுமைக்குடிலில் நாற்று விடப்படும்.
• பார்ஸ்னிப் (கேரட் குடும்பத்தைச் சேர்ந்த வெண்ணிறக் கிழங்கு): மே மாதம் விதைக்கப்படும்.
• பட்டர்நட் முதலிய குளிர்காலப் பூசணிகள்: உறைபனி அச்சம் நீங்கியபின், மே இறுதியிலும் சூனிலும்.
• சேமிப்புக்கான முட்டைக்கோஸ்: சூன் முதல் சூலைத் தொடக்கம் வரை நடவு.
• சேமிப்புக்கான கேரட்: சூன் இறுதி முதல் சூலை நடு வரை.
• பசுமைக்குடில் பாலக் கீரை: செப்டம்பர்.
• பூண்டு: அக்டோபரில் பல் ஊன்றி வைக்கோல் மூடாக்கு இடப்படும். பனிக்கு அடியில் குளிர்காலம் முழுவதும் இருந்து மறு ஆண்டு சூலையில் அறுவடையாகும்.

கேரட் விதைப்பு இரண்டு வாரம் தள்ளிப்போனால், கிழங்கு பருக்கும் முன்பே பகல் சுருங்கிவிடும். அந்தப் பிழையைப் பின்னர் திருத்த முடியாது. எனவே அளவும் முன்கூட்டியே கணக்கிடப்படுகிறது. எடுத்துக்காட்டாக, 100 குடும்பங்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 2 கிலோ வீதம் பத்து முறை கேரட் தருவதென்றால் 2,000 கிலோ வேண்டும். அழுகல், எலிக்கடி ஆகியவற்றுக்கும் இடம்விட்டு இன்னும் கூடுதலாக விளைவிக்க வேண்டும்.

உறைபனியும் இனிப்பும்

முதல் உறைபனி விழுந்த பிறகு பறிக்கும் கேல் கீரையும் பார்ஸ்னிப்பும் கூடுதலாக இனிக்கும் என்பது இப்பகுதி மக்களின் நெடுநாள் அனுபவம். இதற்கு அறிவியல் விளக்கம் உண்டு. குளிரைத் தாங்கும் செடிகள் வெப்பநிலை குறையும்போது சேமித்த மாவுச்சத்தின் ஒரு பகுதியைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. சர்க்கரை கரைந்த நீர் தூய நீரைவிடக் குறைந்த வெப்பநிலையில்தான் உறையும். செல்லுக்குள் பனிப்படிகம் உருவாகிச் செல்லைக் கிழித்துவிடாமல் இருக்கச் செடி செய்துகொள்ளும் தற்காப்பு இது. மனிதர்களுக்கு அது சுவையாகக் கிடைக்கிறது.

வெர்மான்டின் கில்ஃபெதர் டர்னிப் இதற்குப் பெயர்பெற்றது. வார்ட்ஸ்பரோ ஊரைச் சேர்ந்த ஜான் கில்ஃபெதர் என்ற உழவரின் பெயரால் அழைக்கப்படும் இந்த வெண்ணிறக் கிழங்கு, உறைபனிக்குப் பிறகு இனிமை கூடும். பிறர் வளர்த்துவிடாதபடி அதன் தலைப்பகுதியையும் வேர்முனையையும் வெட்டிவிட்டே அவர் விற்றார் என்று சொல்லப்படுகிறது. 2016இல் வெர்மான்ட் இதைத் தன் மாநிலக் காய்கறியாக அறிவித்தது.

இதே மாற்றம் உருளைக்கிழங்கில் கேடாகிறது. 4 பாகைக்கும் கீழே நெடுநாள் வைத்த உருளைக்கிழங்கில் சர்க்கரை கூடிவிடும். வறுக்கும்போது அது கருகிய நிறம் பெற்றுக் கசக்கும். ஆகவே எல்லாவற்றையும் ஒரே குளிரில் வைக்க முடியாது. நிலவறையின் முதல் பாடம் இதுதான்.

நிலவறை

சில அடி ஆழத்துக்குக் கீழே மண் உறைவதில்லை. மேட்டுச் சரிவில் குடைந்து கட்டப்படும் நிலவறை இந்த இயல்பைப் பயன்படுத்துகிறது. தாழ்வான துளை வழியே குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது, உயரமான துளை வழியே வெதுவெதுப்பான காற்று வெளியேறுகிறது. இன்று பல பண்ணைகள் வெப்பக்காப்பு இட்ட அறைகளைக் கட்டி, வெளிக்குளிரை விசிறி மூலம் உள்ளே இழுக்கின்றன. கடுங்குளிர் நாட்களில் காய்கள் உறையாமல் இருக்க அதே அறைக்குச் சிறிது வெப்பமூட்டவும் நேரிடும்.

காய்கறிகள் கேட்கும் சூழல் நான்கு வகைப்படும்:

• குளிர்ச்சியும் மிகுந்த ஈரமும்: கேரட், பீட்ரூட், பார்ஸ்னிப், முட்டைக்கோஸ் ஆகியவற்றுக்கு 0 பாகையை ஒட்டிய வெப்பநிலையும் 95 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஈரப்பதமும் ஏற்றவை. இலை நீக்கிய கேரட் இந்நிலையில் ஏழு மாதத்துக்கும் மேல் கெடாது.
• குளிர்ச்சியும் உலர்வும்: வெங்காயமும் பூண்டும் 0 பாகையில், 65 முதல் 70 விழுக்காடு ஈரப்பதத்தில் நீடிக்கும். ஈரம் கூடினால் வேர்விட்டு அழுகும்.
• மிதமான குளிர்ச்சியும் இருட்டும்: உருளைக்கிழங்கு. வெளிச்சம் பட்டால் தோல் பச்சையாகி நச்சுப்பொருள் உண்டாகும்.
• வெதுவெதுப்பு: பூசணிக்கு 10 முதல் 13 பாகை. சர்க்கரைவள்ளிக்கிழங்குக்கு 13 முதல் 15 பாகை. அறுவடையான உடனே சர்க்கரைவள்ளியைச் சுமார் 29 பாகை வெப்பத்தில், ஈரக்காற்றில் ஒரு வாரம் வைத்துப் பதப்படுத்துவார்கள். அப்போதுதான் தோல் காயங்கள் ஆறும்.

ஆப்பிளைக் கேரட்டுடன் ஒரே அறையில் வைக்கக்கூடாது. ஆப்பிள் வெளியிடும் எத்திலீன் வாயு கேரட்டைக் கசக்கச் செய்யும். அழுகத் தொடங்கிய ஒரே ஒரு கிழங்கு பெட்டி முழுவதையும் கெடுத்துவிடும் என்பதால், காய்களைப் புரட்டிப் பார்த்துப் பொறுக்குவது வாரந்தோறும் நடக்கும் வேலை. எலி புகாமல் காப்பது தினசரி வேலை.

பசுமைக்குடிலில் பச்சை இலை

கிழங்குகள் மட்டுமே நிறைந்த பெட்டியில் ஒரு கைப்பிடிக் கீரைக்குத் தனி மதிப்பு உண்டு. அதைத் தருவது வெப்பமூட்டப்படாத பாலித்தீன் பசுமைக்குடில். அதற்குள் வரிசைகளின் மேல் மெல்லிய துணி ஒன்றும் போர்த்தப்படும். ஒவ்வோர் உறையும் பயிரைச் சுமார் 500 மைல் தெற்கே நகர்த்தியதற்குச் சமம் என்பது கோல்மனின் கணக்கு. இந்த எண்ணத்துக்கு அவர் 19ஆம் நூற்றாண்டுப் பாரிசு நகரத் தோட்டக்காரர்களைத் தம் முன்னோடிகளாகக் கொள்கிறார். அவர்கள் கண்ணாடி மூடிகளையும், குதிரைச் சாணம் மட்கும்போது எழும் வெப்பத்தையும் கொண்டு குளிர்காலக் கீரை வளர்த்தவர்கள்.

இரவில் பாலக் இலைகள் கண்ணாடி போல விறைத்துப்போகும். நண்பகல் வெயிலில் பனி உருகியதும் மீண்டும் நிமிரும். விறைத்த நிலையில் இலையைத் தொட்டால் செல்கள் உடைந்து கூழாகிவிடும். எனவே அறுவடை காலையில் நடப்பதில்லை. வெயில் ஏறும்வரை காத்திருந்து, கிடைக்கும் சில மணி நேரத்தில் பறித்து முடிக்க வேண்டும்.

பண்ணையின் அன்றாடம்

கோடைத் தொழிலாளர்கள் சென்றுவிட்டபின் சிலரே எஞ்சுகின்றனர். பனிப்பொழிவு இரவுகளில் குடிலின் கூரையில் சேரும் பனியை அவ்வப்போது தள்ளிவிட வேண்டும், இல்லையேல் சுமை தாங்காமல் சட்டம் வளையும். தண்ணீர்க் குழாய்கள் உறையாமல் பார்க்க வேண்டும். மாடுகளுக்குக் கோடையில் சேர்த்த உலர்புல்லே உணவு. கோழிகள் தொடர்ந்து முட்டையிட நாளுக்கு ஏறத்தாழ 14 மணி நேர வெளிச்சம் வேண்டும் என்பதால், விளக்கு வைக்காத பண்ணைகளில் முட்டை குறையும்.

வயலும் ஓய்வில் மட்டும் இல்லை. இலையுதிர் காலத்தில் விதைத்த கம்புப்புல் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும். பனி நிறைந்திருப்பது பூண்டுக்கு நல்லது. பனியில் சிக்கிய காற்று போர்வைபோல் குளிரைத் தடுக்கிறது. பனி குறைந்த ஆண்டுகளில் மண் மாறிமாறி உறைந்து உருகும்போது ஊன்றிய பற்கள் மேலே தள்ளப்படுவதுண்டு.

வீட்டுக்குள் விதைப் பட்டியல்களைப் படித்து அடுத்த ஆண்டுக்குத் திட்டமிடும் காலமும் இதுவே. பிப்ரவரி இறுதியில் இரவு உறைந்து பகலில் உருகும் நாட்கள் வந்ததும் மேப்பிள் மரங்களில் துளையிட்டுச் சாறு சேகரிப்பார்கள். சுமார் 40 லிட்டர் சாற்றைக் காய்ச்சினால் 1 லிட்டர் பாகு கிடைக்கும்.

பங்குப்பெட்டியும் சமையலறையும்

குளிர்காலப் பங்குப்பெட்டி பெரும்பாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அல்லது மாதம் ஒருமுறை வழங்கப்படுகிறது. நவம்பர் பெட்டியில் பலவகைக் காய்கள் இருக்கும். பிப்ரவரிப் பெட்டியில் முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு, வெங்காயம், மீண்டும் முட்டைக்கோஸ். இந்த ஒரே மாதிரித்தன்மையால் சலிப்படைந்து விலகும் உறுப்பினர்களும் உண்டு. அதனால் பல பண்ணைகள் பெட்டியுடன் சமையல் குறிப்பும் தருகின்றன. கிழங்குகளை எண்ணெய் தடவி அடுப்பில் சுடுவது, சூப் வைப்பது, உப்பிட்ட மாட்டிறைச்சியோடு முட்டைக்கோசும் கிழங்கும் சேர்த்து வேகவைப்பது ஆகியவை வழக்கமான முறைகள்.

முட்டைக்கோசைப் புளிக்கவைப்பது மற்றொரு வழி. மெல்லியதாக நறுக்கிய கோசின் எடையில் சுமார் 2 விழுக்காடு உப்புச் சேர்த்துப் பிசைந்து, அதன் நீரிலேயே அமிழ்த்தி வைப்பார்கள். அறை வெப்பநிலையில் சில வாரங்களில் லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் அதைப் புளிப்பாக்கிவிடும். பிறகு குளிரில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும்.

பணமும் உறுதிமொழியும்

குளிர்காலத்தில் பண்ணைக்கு வரவு குறைவு, செலவு அதிகம். விதை, உரம், கருவிப் பழுது, ஊதியம் எல்லாவற்றுக்கும் விளைச்சலுக்கு முன்பே பணம் வேண்டும். தனி உழவர் இதற்குக் கடன் வாங்குவார். சமூகப் பண்ணையில் உறுப்பினர்களின் முன்பணம் அந்த இடத்தை நிரப்புகிறது.

டெம்பிள்-வில்டன் பண்ணை இதில் ஒருபடி மேலே சென்றது. அங்குப் பெட்டிக்கு விலை கிடையாது. ஆண்டுக் கூட்டத்தில் உழவர்கள் அந்த ஆண்டின் மொத்தச் செலவை உறுப்பினர்கள் முன் வைக்கிறார்கள். ஒவ்வொரு குடும்பமும் தன்னால் இயன்ற தொகையை உறுதியளிக்கிறது. கூட்டுத்தொகை போதவில்லை என்றால் இயன்றவர்கள் தொகையை உயர்த்துகிறார்கள். அதிகம் கொடுத்தவருக்கு அதிகக் காய் என்பதில்லை, தேவைக்கேற்ப எடுத்துக்கொள்ளலாம். உறுப்பினர் காய்க்கு விலை கொடுப்பதில்லை, பண்ணை அடுத்த ஆண்டும் இருப்பதற்கே கொடுக்கிறார் என்பது இதன் அடிப்படை.

இடர்கள்

இந்தப் பிணைப்பு எவ்வளவு உறுதியானது என்பதை இயற்கை சோதித்திருக்கிறது. வெர்மான்டின் பர்லிங்டன் நகரில், வினூஸ்கி ஆற்றங்கரைச் சமவெளியில் இன்டர்வேல் சமூகப் பண்ணை உள்ளது. உறுப்பினர்களே உரிமையாளர்களாக உள்ள கூட்டுறவு அது. 2011 ஆகஸ்டு இறுதியில் ஐரீன் புயலாலும், 2023 சூலையில் பெய்த பெருமழையாலும் ஆறு கரைபுரண்டு இன்டர்வேல் நிலங்களை மூழ்கடித்தது. வெள்ளநீரில் சாக்கடையும் வேதிப்பொருட்களும் கலந்திருக்கக்கூடும் என்பதால், அது பட்ட காய்கறிகளை உணவாக விற்க அமெரிக்க உணவுப் பாதுகாப்பு விதிகள் இடம்தருவதில்லை. பார்வைக்கு நன்றாக இருக்கும் பயிரையும் அழிக்க வேண்டியதுதான்.

கோடை வெள்ளம் அந்த வாரத்து உணவோடு நிற்பதில்லை. சேமிப்புக்கான கேரட்டும் முட்டைக்கோசும் பூசணியும் அப்போது வயலில்தான் நிற்கின்றன. சூலை நடுவுக்குப் பின் பெரும்பாலானவற்றை மறுபடி விதைக்கப் போதிய பகல் மிச்சமில்லை. கோடையில் இழந்ததன் முழு அளவு சனவரியில், பாதி காலியான நிலவறையில் தெரிகிறது. சந்தைக்கு விற்கும் உழவருக்கு இது தனிப்பட்ட நட்டம். சமூகப் பண்ணையில் முன்பணம் செலுத்திய அனைவரும் அதைப் பகிர்ந்துகொள்கிறார்கள்.

வசந்தத்துக்கு முந்தைய வெற்றிடம்

ஆண்டின் மிகக் கடினமான காலம் திசம்பரோ சனவரியோ அல்ல. மார்ச்சு முதல் மே வரையிலான வாரங்களே. நிலவறை காலியாகிவிடும், மிஞ்சிய உருளைக்கிழங்கும் வெங்காயமும் முளைவிடும், வயலோ இன்னும் எதையும் தராது. பிரித்தானிய உழவர்கள் இதைப் 'பசி இடைவெளி' என்கிறார்கள். பகல் 10 மணி நேரத்தைக் கடந்ததும் குடிலில் மீண்டும் துளிர்க்கும் பாலக்கும், குளிர்காலம் முழுவதும் மண்ணிலேயே விடப்பட்டு நிலம் இளகியதும் தோண்டப்படும் பார்ஸ்னிப்பும் இந்த இடைவெளியைக் கடக்க உதவுகின்றன. அந்தப் பார்ஸ்னிப்தான் ஆண்டிலேயே மிக இனிப்பானது. அதைத் தோண்டும் வாரங்களில் பசுமைக்குடிலின் மறுமூலையில் அடுத்த குளிர்காலத்துக்கான லீக் நாற்று வளர்ந்துகொண்டிருக்கும்.